வெயில் ஊரில் பிறந்தது தடுப்பூசி ஆகாது

உகாண்டாவுக்கோ கென்யாவுக்கோ கிளம்புகிற நம்மூர்க்காரர்களிடம் ஒரு பேச்சைத் தவறாமல் கேட்கிறேன். "நாம என்ன குளிர் நாட்டுலயா பொறந்தோம்? நம்ம ஊர்ல இல்லாத கொசுவா, வெயிலா, தண்ணியா? வெள்ளைக்காரங்களுக்குத்தான் அதெல்லாம் ஒத்துக்காது." கம்பாலாவில் வேலை கிடைத்துப் புறப்படத் தயாராகும் என் சித்தி மகனும் இதையேதான் சொன்னான். அவனிடம் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேலை நிமித்தம் கம்பாலாவில் குடும்பத்தோடு தங்கியிருந்தவன் நான். அந்த ஊரும் அந்த மக்களும் அந்த ஏரியும் எனக்கு மிகவும் பிடித்தவை. யாரையும் பயமுறுத்தி டிக்கெட்டை ரத்து செய்ய வைப்பது என் நோக்கம் இல்லை. போய், ஆசை தீரப் பார்த்துவிட்டு, நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

முதலில் அந்த "நமக்கென்ன" பேச்சை எடுத்துக்கொள்வோம். வெயிலைத் தாங்கும் பழக்கம் நமக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வெயில் பழகிய உடம்புக்கு எல்லா நோயும் பழகிவிடாது. எந்தக் கிருமி உள்ளே வந்து போயிருக்கிறதோ, அல்லது எதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமோ, அதற்கு மட்டும்தான் உடம்பு தயாராக இருக்கும். சென்னையில் காலங்காலமாக வரும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆளை நடுக்கிப் படுக்கப் போடும். உயிர்வரை போவது அரிது. உகாண்டாவில் இருப்பது ஏறக்குறைய முழுக்க ஃபால்சிபாரம். ரத்தச் சிவப்பணுக்களை மூளையின் நுண்குழாய்களில் ஒட்ட வைத்து அடைத்துவிடும் வகை அது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும்கூட விடாது. கவனிக்காமல் விட்டால், காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாளிலேயே நினைவு தப்பும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். சின்ன வயதில் சென்னையில் மலேரியா வந்து தேறியவர் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

"அங்க இருக்கிற ஆளுங்க யாரும் மாத்திரை சாப்பிடறதில்லையேண்ணே" என்றான் தம்பி. உண்மைதான், சாப்பிடுவதில்லை. பிறந்த நாளிலிருந்து திரும்பத் திரும்பக் கடிபட்டு, திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு, பிழைத்து வளர்ந்தவர்களுக்கு ஓர் அரைகுறை எதிர்ப்பு உண்டாகிறது. அதற்கு அந்த நாடு கொடுக்கும் விலை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். உலகில் மலேரியா மிக அதிகமாக உள்ள முதல் ஐந்து நாடுகளில் உகாண்டாவும் ஒன்று. அப்படிச் சேர்ந்த எதிர்ப்பும் நிலைப்பதில்லை. வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டால் கரைந்துபோகிறது. பிரிட்டனில் மலேரியாவோடு திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே குடியேறி, சொந்த ஊருக்கு உறவினரைப் பார்க்கப் போய்வந்தவர்கள். நம்ம ஊருதானே என்று மாத்திரை எடுக்காமல் போனவர்கள். சொந்த ஊர்க்காரருக்கே இந்தக் கதி என்றால், மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் போகிறவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

ஆகவே புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்னதாகவே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நம் பக்கத்தில் பலருக்குத் தெரிந்த குளோரோகுயின் அங்கே பயன்படாது. ஃபால்சிபாரம் அதை எப்போதோ வென்றுவிட்டது. தடுப்புக்கென்று இப்போது கொடுப்பவை மூன்று. தினமும் ஒரு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின், தினமும் ஒன்றாக அடோவாக்குவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரை, வாரம் ஒன்றாக மெஃப்ளோகுயின். மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்ஸிசைக்ளின் தர மாட்டார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; மருந்துக்கடை கவுண்டரில் நின்று முடிவு செய்யக்கூடாது.

டாக்ஸிசைக்ளின் விலை குறைவு என்பதால் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. ஒன்று, சாப்பாட்டோடு ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இரண்டு, அந்த மாத்திரை தோலை வெயிலில் சீக்கிரம் கன்றிப்போக வைக்கும். உகாண்டாவின் குறுக்கே பூமத்திய ரேகை ஓடுகிறது. மசாக்கா போகும் வழியில் கயாப்வே என்ற இடத்தில் அதற்கு ஒரு வளையம் கட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் நின்று படம் எடுக்கும் இடம். கம்பாலா ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று இதமாக இருக்கும். சென்னைச் சித்திரை வெயிலைப் பார்த்தவருக்கு அது ஏற்காடு போலத் தோன்றும். அந்த இதம்தான் ஏமாற்றுகிறது. நேர் உச்சியில் நிற்கும் சூரியன் அது. கருத்த தோல்தானே என்று இராமல் தொப்பி போடுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் பெரும்பாலோர் தவறுவது கடைசிக் கட்டத்தில். ஊருக்குத் திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள். கிளம்புகிற அன்று எண்டெபி விமான நிலைய வாசலில் ஒரு கொசு கடித்திருந்தால், அந்தக் கிருமி முதலில் கல்லீரலில் போய் உட்கார்ந்து வளர்ந்து, பிறகுதான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் ரத்தத்துக்கு வந்த பிறகே அதைக் கொல்லும். அதனால்தான் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிடச் சொல்கிறார்கள். கல்லீரலிலேயே தாக்கக்கூடிய அடோவாக்குவோன் கூட்டு மாத்திரைக்கு ஏழு நாள் போதும்.

மாத்திரையோடு கொசுவலையும் வேண்டும். மலேரியாக் கொசு சாயங்காலம் தொடங்கி விடியும்வரை கடிக்கிற கொசு. மருந்து ஏற்றிய வலை கம்பாலாவில் எங்கும் கிடைக்கும். ஓரங்களை மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டுப் படுக்க வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. விருந்தினர் விடுதியில் அறைக்குள் போனதும் வலையை விரித்து ஓட்டை இருக்கிறதா என்று விளக்கில் பார்க்கும் பழக்கத்தை என் மனைவி அங்கேதான் தொடங்கினாள். கொசு விரட்டும் களிம்பும் சன்ஸ்கிரீனும் இரண்டும் பூசுவதென்றால் சன்ஸ்கிரீன் முதலில், களிம்பு அதன்மேல்.

இனி மஞ்சள் அட்டை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உகாண்டா உள்ளே விடாது. அதைவிடக் கண்டிப்பு நம் நாடு. அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள்வரை தனிமை முகாமில் வைத்துவிடுவார்கள். சொந்த நாட்டுக்குள் நுழைய இத்தனை கெடுபிடியா என்று பலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கோபப்படுவதற்கு முன் காரணத்தை யோசிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு. நமக்கு டெங்குவைத் தருகிற அதே கொசு. அது நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. நோய்க்கு இடம் கொடுக்கக்கூடிய கோடிக்கணக்கான மக்கள், எதிர்ப்பே இல்லாமல் இருக்கிறோம். அந்த வைரஸ் மட்டும் இன்றுவரை இந்தியாவில் கால் வைக்கவில்லை. ஒருவர் ரத்தத்தில் அது வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த ஆறு நாள் அதிகமில்லை என்று புரியும்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் நினைத்த நேரத்தில் போய்ப் போட முடியாது. முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய அட்டைகளுக்கும் அது பொருந்தும். இந்த ஊசியை வளர்த்தெடுத்த மாக்ஸ் தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த அளவு நம்பகமான ஊசி.

ஆனால் இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் போட்டுக்கொள்ளக்கூடாது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு முதன்முறையாகப் போடும்போது பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல். மகள் பிரசவத்துக்கென்று அம்மாவைக் கம்பாலாவுக்கு அழைத்துப் போகும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். அம்மாவின் வயதையும் அவர் சாப்பிடும் மருந்துகளையும் சொல்லி மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது ஒரு முத்திரைக்கான விஷயமே இல்லை, இந்த ஊர் முழுவதற்குமான காவல்.

அதே வேளையில் டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் தாத்தா பாட்டிக்கெல்லாம் சின்ன வயதிலேயே, வந்ததே தெரியாமல், ஹெபடைடிஸ் ஏ வந்து போயிருக்கும்; அதனால் பெரியவர்களான பிறகு தப்பித்தார்கள். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இருபத்தைந்து வயதில் முதன்முதலாக அந்த மஞ்சள் காமாலை வந்தால் மாதக்கணக்கில் படுக்க வைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல மகிழ்ச்சியான விஷயங்கள்தான் அதிகம். தெருவோரம் சாப்பிடாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பாலாத் தெருக்களில் கரி அடுப்பில் தோசைக்கல் போல ஒன்றை வைத்து, முட்டையை ஊற்றி, வெங்காயம் தக்காளி முட்டைக்கோஸ் போட்டு, சப்பாத்தியை அதன்மேல் கவிழ்த்துச் சுருட்டிக் கையில் தருவார்கள். ரோலக்ஸ் என்று பெயர். நம் கண் முன்னால் வெந்து, கை சுடச்சுட வருகிற பண்டம். பெரிய ஓட்டலின் ஆறிப்போன பஃபேயைவிட அதை நான் அதிகம் நம்புவேன். வாழையிலையில் மூடி ஆவியில் வேக வைக்கும் மட்டோக்கே என்கிற வாழைக்காய், நிலக்கடலைக் குழம்பு, பீன்ஸ், போஷோ என்கிற மக்காச்சோளக் களி எல்லாம் நன்றாக வெந்தவை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அங்கே குறை இல்லை. தள்ளி வைக்க வேண்டியது பச்சையாக வருவதை: கூடவே ஓரமாக வைக்கும் வெங்காயம்-தக்காளிப் பச்சடி, ஏற்கெனவே நறுக்கி வைத்த அன்னாசி, தர்பூசணி, ஐஸ் போட்ட ஜூஸ். அன்னாசி அங்கே அமிர்தமாக இருக்கும். முழுப் பழமாக வாங்கி வீட்டில் கை கழுவி நறுக்கிச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். மலைப்பகுதியில், 2,000 மீட்டருக்கு மேலே, மூன்று நிமிடம். பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் பல் தேய்த்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் அதே குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் குடிப்பார்களா?

இவ்வளவு பார்த்தும் வயிறு ஒருநாள் கெடும். கெட்டால் பதற வேண்டாம். எலெக்ட்ரால் போல, உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை இங்கிருந்தே கொண்டு போங்கள். ஒரு பாக்கெட்டை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூவிக் குடிக்கக்கூடாது. பாக்கெட் இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இதை ஏதோ கைவைத்தியம் என்று இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1971இல் வங்கதேசப் போரில் அகதிகளாக வந்தவர்கள் மேற்கு வங்கத்து பொங்காவ்ன் முகாம்களில் காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2023இல், அவர் இறந்த பிறகு. வாழ்நாளிலேயே செய்திருக்க வேண்டிய மரியாதை என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

மலத்தில் ரத்தமோ கூடவே கடும் காய்ச்சலோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடக்கூடாது. நேரே மருத்துவரிடம் போக வேண்டும். அதேபோல, லேசான பேதிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக்கை அள்ளிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நம்மவர்களுக்கு முற்றிலும் புதிது. ஏரி. விக்டோரியா ஏரியின் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. கடல் என்றே தோன்றும். ஜின்ஜாவில் அந்த ஏரியிலிருந்துதான் வெள்ளை நைல் புறப்படுகிறது. காவிரியிலும் தாமிரபரணியிலும் முங்கிக் குளித்து வளர்ந்தவனுக்கு, அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத்தான் தோன்றும். இறங்காதீர்கள். அந்தக் கரையோரத் தண்ணீரில் வாழும் நத்தைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் வெளியே வந்து நீந்திக்கொண்டிருக்கும். மனிதக் கால் பட்டால் சில நிமிடங்களில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். காயமே வேண்டியதில்லை, தண்ணீரைக் குடிக்க வேண்டியதும் இல்லை. பில்ஹார்சியா என்பது அதன் பழைய பெயர், 1851இல் கெய்ரோவில் அதைக் கண்டுபிடித்த தியோடர் பில்ஹார்ஸ் நினைவாக. இப்போது சிஸ்டோசோமியாசிஸ் என்பார்கள். உள்ளே போன புழு குடல் பக்கத்து ரத்தக்குழாய்களில் வருடக்கணக்கில் குடியிருந்து முட்டையிடும். அந்த முட்டைகள் கல்லீரலைக் கெடுக்கும்; இதே குடும்பத்தில் இன்னொரு வகை சிறுநீர்ப்பையைக் கெடுக்கும்.

இந்தியாவில் இந்த நோய் இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் நம் அப்பா அம்மா நமக்குச் சொல்லித் தரவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை. திரும்பி வந்து போகும் நம்மூர் மருத்துவருக்கும் இது உடனே தோன்றாது. தண்ணீரில் இறங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் தடிப்பு என்று வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். ஜின்ஜாவில் படகுச் சவாரி போய் நனையத்தான் செய்வேன் என்கிறவர்கள், ஏரியில் கால் நனைத்துவிட்டவர்கள், ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புழு இருப்பது தெரிந்தால் பிராசிகுவான்டல் என்ற மாத்திரை, ஒரே நாள் சிகிச்சை. இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடியதைத் தெரியாமலே சுமந்து திரிவது எவ்வளவு வருத்தமான விஷயம்! குளோரின் போட்ட நீச்சல் குளமும் கடலும் பிரச்சினையில்லை. மொம்பாசா போனால் ஆசை தீரக் குளியுங்கள்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் குடிபோன புதிதில், பக்கத்து வீட்டில் இருந்த திருச்சிக்கார அக்கா என் மனைவியை மாடிக்கு அழைத்து, "கொடியில காயப்போட்ட எதையும் அயர்ன் பண்ணாம போட்டுக்காதம்மா. உள்பாவாடை, ஜட்டி, துண்டு, குழந்தை துணி, எதையும் விடாத" என்று சொன்னார். அங்கே மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. ஈரத் துணியில் முட்டையிடும். காய்ந்த துணியை அப்படியே போட்டுக்கொண்டால், உடம்புச் சூட்டில் பொரித்த புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாக வளரும். பார்க்க வேனல்கட்டி போலவே இருக்கும், நடுவில் மட்டும் ஒரு சின்னத் துளை. புழு மூச்சு விடும் வழி அது. வாசலின் கெட்டியாகப் பூசி அந்தத் துளையை அடைத்தால் புழு மூச்சுக்குத் தலையை நீட்டும், மருத்துவர் எடுத்துவிடுவார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கைக்குழந்தையின் முதுகில் அது வந்தால் பெற்றவர்கள் படும் பாடு சொல்ல முடியாது. சூடான இஸ்திரிப் பெட்டி அந்த முட்டைகளைக் கொன்றுவிடும். மடிப்புகளையும் தையல் ஓரங்களையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். அந்த அக்கா சொன்ன ஒரு வாக்கியம் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்.

செருப்பில்லாமல் நடக்கிற நம் பழக்கத்தையும் அங்கே விட்டுவிடுங்கள். ஜிக்கர் என்கிற மணல் தெள்ளுப்பூச்சி கால் விரல் இடுக்கில் புகுந்து முட்டை வைக்கும்.

காட்டுக்குள் சவாரி போகும்போது கறுப்பும் கருநீலமும் உடுத்தாதீர்கள். ட்செட்சீ ஈயைப் பிடிக்கக் காட்டில் கட்டித் தொங்கவிடும் பொறிகளே நீலமும் கறுப்புமான துணியில் செய்தவைதான். அந்த நிறங்கள் அதை இழுக்கும். பகலில் கடிக்கும், மெல்லிய துணியைத் துளைத்துக் கடிக்கும், கொசுக் களிம்புக்கும் பெரிதாக மசியாது. மர்ச்சிசன் அருவிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அது பரப்பிய தூக்க நோயால் 1900க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் விக்டோரியா ஏரிக்கரையில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஊர்களே காலியாயின. இன்று அந்த நோய் மிகவும் குறைந்துவிட்டது, அதற்கு உழைத்த உகாண்டா மருத்துவர்களும் களப்பணியாளர்களும் வணங்கத்தக்கவர்கள். ஆனாலும் காக்கியோ சாம்பலோ உடுத்துவதில் நமக்கு என்ன நஷ்டம்?

குயீன் எலிசபெத் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புக் குகை என்று ஒன்று உண்டு. பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும் இடம். 2008இல் அதற்குள் போய்வந்த நெதர்லாந்துப் பெண் ஒருவர் நாடு திரும்பி மார்பர்க் வைரஸால் இறந்துபோனார். குகை என்றால் நுழைந்து பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வௌவால் குகைக்குள் மட்டும் வேண்டாம். தூரத்தில் நின்று பார்க்க அங்கே ஏற்பாடு இருக்கிறது.

நோய் நம்மிடமிருந்து அங்குள்ள விலங்குகளுக்கும் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிவிண்டிக் காட்டில் உலகின் மலைக் கொரில்லாக்களில் ஏறக்குறைய பாதி வாழ்கின்றன. சளி, இருமல் இருந்தால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். பத்து மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். 1996இல் அந்தக் காட்டுக் கொரில்லாக்களுக்குச் சொறிநோய் வந்து ஒரு குட்டி இறந்தது. சுற்று வட்டார மனிதர்களின் துணிகளிலிருந்து வந்தது அது என்று கண்டறிந்தவர் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலெமா-ஜிகுசோகா. கொரில்லாவைக் காக்க வேண்டுமானால் அந்தக் காட்டோர மனிதர்களுக்கு நல்ல மருத்துவம் வேண்டும் என்று அவர் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது. பெருந்தொகை கட்டி அனுமதி வாங்கியிருந்தாலும், மூக்கு ஒழுகினால் உண்மையைச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

இத்தனை பூச்சிகளையும் புழுக்களையும் சொன்ன பிறகு, உண்மையில் பயணிகளை அதிகம் கொல்வது எது என்று கேட்டால், சாலை. உலகெங்கும் பயணம் போன ஆரோக்கியமானவர்கள் இறப்பதற்கு நோய்த்தொற்றைவிடப் பெரிய காரணம் வாகன விபத்து. கம்பாலாவின் போடா போடா மோட்டார் சைக்கிள்களில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். அங்கே தங்கப் போகிறவர் என்றால் சொந்தமாக ஒரு ஹெல்மெட் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். விமான மருத்துவ உதவியையும் சேர்த்த காப்பீடு எடுங்கள். 1957இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் சேவை நைரோபியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. காட்டு ஓரத்தில் விபத்தானால் அந்த விமானம் வருமா என்பதை உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை இப்போதே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டோடு. நாய் கடித்தால், குரங்கு பிறாண்டினால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பி எல்லாரையும் பார்த்து, வாங்கி வந்த காப்பித்தூளையும் கடலையையும் கொடுத்து முடித்து, இரண்டு வாரமோ இரண்டு மாதமோ கழித்து ஒருநாள் காய்ச்சல் அடிக்கும். மழைக்காலமாக இருந்தால் டெங்கு என்பார்கள், இல்லையென்றால் வைரல் என்பார்கள், பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்க்கச் சொல்வார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் எங்கே போய்வந்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஃபால்சிபாரத்துக்கு அந்த இரண்டு நாளைக் கொடுக்கக்கூடாது. கொசு கடித்து ஏழு நாளுக்குள் மலேரியா வராது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலையும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், மலேரியா இல்லை என்று சோதனை சொல்லும்வரை மலேரியா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் காய்ச்சலைச் சொல்வதற்கு முன்பே, "நான் உகாண்டா போய் வந்திருக்கேன் டாக்டர், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்க" என்று சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் நிற்காவிட்டால், மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்; காய்ச்சல் முற்றினால் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.